மைன்ஹெட் யார்டுக்கு ஓர் அயினிமரக் கைப்பிடி

நாகர்கோவிலுக்கும் இரணியலுக்கும் நடுவே, ரயில் பாதையிலிருந்து ஒரு தென்னந்தோப்பு தள்ளி இருக்கிறது எங்கள் வீடு. அதன் மாடியறையில், இங்கிலாந்தின் சாமர்செட் கடற்கரையில் ஓடும் பாரம்பரிய ரயில் பாதை ஒன்றில் பெட்டிகளைக் கழற்றி, மாட்டி, இடம் மாற்றும் ஷண்டிங் எஞ்சினைக் கணினியில் ஓட்டுவதற்காக நான் செய்த கட்டுப்பாட்டு மேசையைப் பற்றிய பதிவு இது. திறனுக்கும் இரண்டு பிரேக்குகளுக்குமாக மூன்று கைப்பிடிகள், திசை மாற்ற ரிவர்ஸர் என்ற ஒரு கைப்பிடி, ஒரு முள் மீட்டர், கணினியுடன் பேசும் ஒரு சிறிய மின்னணுப் பலகை, அவ்வளவுதான் அந்த மேசை. ஆனால் வேலை ஓர் ஆண்டுக்கு மேல் நீண்டது. மரத்துக்கும் கம்பிக்கும் போன நேரம் அதில் பாதி. மீதிப் பாதி ஒரே ஒரு பிரச்சினைக்குப் போயிற்று. 50 டன் எஞ்சினின் பிரேக்கை மட்டும் வைத்துக்கொண்டு, அதனுடன் சேர்ந்து நகரும் 170 டன் பெட்டிகளையும் குறித்த இடத்தில் அதிராமல் நிறுத்த வேண்டும்; அந்த எடையைக் கண் மட்டும் அல்லாமல் கையும் அறியும்படி ஒரு பிரேக் கைப்பிடி வேண்டும் என்பதே அது.

பாதையைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட் சாமர்செட் ரயில்வே, பிஷப்ஸ் லிடியர்ட் என்ற ஊரிலிருந்து மைன்ஹெட் என்ற கடலோர ஊர்வரை ஏறத்தாழ 20 மைல் நீளம் உடையது. 1862-ல் வாட்செட் துறைமுகம்வரையும் 1874-ல் மைன்ஹெட்வரையும் திறக்கப்பட்ட இந்தக் கிளைப் பாதையை, பிரிட்டிஷ் ரயில்வே 1971 ஜனவரியில் மூடியது. 1976-ல் தொடங்கி, அதைப் பகுதி பகுதியாக மீண்டும் ஓடவைத்தார்கள். மைன்ஹெட்டில் தண்டவாளம் கடலுக்கு மிக அருகில் முடிகிறது. 1979-ல் திறக்கப்பட்ட எங்கள் கன்னியாகுமரிப் பாதையும் அப்படித்தான், இனி போக நிலம் இல்லை என்ற இடத்தில் நிற்கிறது. சிறு வயதில் கன்னியாகுமரி நிலையத்தில், வந்த வண்டியின் எஞ்சின் கழன்று, பக்கத்துத் தடத்தில் ஓடி, மறுமுனைக்கு வந்து மாட்டிக்கொள்வதை மணிக்கணக்கில் பார்த்து நின்றவன் நான். கடைசி நிலையங்களில் ஓட்டத்தைவிட இந்தக் கழற்றி மாட்டும் வேலைதான் பார்க்கத் தகுந்தது என்ற எண்ணம் எனக்கு அப்போதே வந்துவிட்டது. சிமுலேட்டரில் மைன்ஹெட்டை முதன்முதலாகத் திறந்தபோது, பயணிகள் வண்டியை எடுத்துக்கொண்டு புறப்படாமல் பெட்டிகளைப் பிரித்துச் சேர்க்கும் யார்டிலேயே நின்றுவிட்டதற்கு அதுவே காரணம்.

நான் ஓட்டும் எஞ்சின் பிரிட்டிஷ் ரயில்வேயின் கிளாஸ் 08. 1952 முதல் 1962 வரை இந்த வகையில் 996 எஞ்சின்கள் கட்டப்பட்டன. ஆறு சிலிண்டர் கொண்ட இங்கிலிஷ் எலக்ட்ரிக் டீசல் எஞ்சின் ஒரு ஜெனரேட்டரைச் சுழற்றுகிறது. அதன் மின்சாரம், சக்கரங்களைச் சுழற்றும் இரண்டு டிராக்ஷன் மோட்டார்களுக்குப் போகிறது. மூன்று அச்சுகளும் நீராவி எஞ்சினில் இருப்பதுபோல வெளிப்புறத் தண்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்கின்றன. திறன் 350 குதிரைத்திறன் மட்டுமே. பெரும்பாலான 08-களின் உச்ச வேகம் மணிக்கு 15 மைல், அதாவது நம் கணக்கில் 24 கிலோமீட்டர். ஆனால் இழுவிசை 35,000 பவுண்டு, ஏறத்தாழ 156 கிலோநியூட்டன். வேகத்தை விட்டுக்கொடுத்து இழுவிசையை வாங்கிக்கொண்ட எஞ்சின் என்று இதைச் சொல்லலாம். நின்ற நிலையிலிருந்து ஐந்து பெட்டிகளைக் கிளப்ப இது சிறிதும் திணறுவதில்லை. திணறல் எல்லாம் நிறுத்தும்போதுதான்.

தொடக்கத்தில் நான் பயன்படுத்தியது ஓப்பன் ரெயில்ஸ் என்ற இலவச சிமுலேட்டர். விசைப்பலகையில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் திறன் கூடும், இன்னொன்றைப் பிடித்தால் குறையும். எஞ்சின் பிரேக்குக்கு அடைப்புக்குறிப் பொத்தான்கள் இரண்டு. நீண்ட பாதையில் ஓடும் வண்டிக்கு இது போதும், ஏனெனில் அங்கே ஒரு முறை வைத்த நிலையைப் பல நிமிடங்களுக்கு மாற்ற வேண்டியிருக்காது. ஷண்டிங்கில் ஒவ்வொரு வினாடியும் கை ஏதாவது செய்துகொண்டிருக்கிறது. பொத்தானை எவ்வளவு நேரம் பிடித்தோம் என்பதை வைத்துப் பிரேக் எவ்வளவு விழுந்திருக்கிறது என்று ஊகிக்க வேண்டும், அல்லது திரையின் எண்ணைப் பார்க்க வேண்டும்; எண்ணைப் பார்க்கும் கண், எதிரே நெருங்கி வரும் பஃபரை, அதாவது பெட்டி முனையில் மோதலைத் தாங்கும் உறுப்பை, பார்க்க முடியாது. நான் இடித்த பெட்டிகளில் பெரும்பாலானவை அந்த ஒரு கணத்தில் இடிபட்டவை.

ஆகவே முதல் மேசை. ஆர்டுயினோ லியோனார்டோ என்ற சிறு மின்னணுப் பலகையைக் கணினி ஒரு விசைப்பலகையாகவே எண்ணிக்கொள்ளும்படி செய்ய முடியும். கைப்பிடியின் அச்சில், சுழற்றினால் மின்தடை மாறும் 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரைப் பொருத்தி, கைப்பிடி முன்னே நகர்ந்தால் ஒரு பொத்தானையும் பின்னே நகர்ந்தால் மற்றப் பொத்தானையும் அந்தப் பலகை அழுத்துமாறு எழுதினேன். ஒரு வாரம் மகிழ்ச்சியாக இருந்தேன். பிறகு கைப்பிடியும் திரையிலுள்ள லீவரும் பிரியத் தொடங்கின. நான் கைப்பிடியை நடுவில் வைத்திருப்பேன், திரையில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். பொத்தான் பிடிக்கப்பட்ட நேரத்தை மட்டுமே நான் அனுப்பினேன். கணினி சற்றுத் திணறும்போது அந்த நேரக்கணக்கு தவறும். தவறு ஒவ்வொரு அசைவிலும் சேர்ந்துகொண்டே போகும். கைப்பிடியைக் கடைசி முனைக்குத் தள்ளும்போதெல்லாம் பொத்தானைக் கூடுதலாக இரண்டு வினாடி பிடித்து, இரண்டையும் அங்கே ஒன்றாக்கிக்கொள்ளும் ஓர் உபாயம் செய்து பார்த்தேன். ஓரளவு உதவியது. ஆனால் பிரேக்கை முழுவதும் விடாமல், பாதியிலேயே கூட்டிக் குறைத்து நெருங்கும் ஷண்டிங்குக்கு அந்த உபாயம் எட்டவில்லை. கைப்பிடி எங்கே இருக்கிறதோ அந்த இடத்தையே சிமுலேட்டர் அறிய வேண்டும். நகர்ந்த அளவை அனுப்பிப் பயன் இல்லை என்று தெளிந்தேன்.

இதற்கிடையே இரண்டு பொருள்கள் கெட்டன. முதலாவது மரம். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் ரப்பர்த் தோட்டங்கள் மிகுதி ஆகையால், ரப்பர்த் தடித் துண்டுகள் மலிவாகக் கிடைத்தன; வெளிர் நிறம், இழைப்பதற்கு எளிது, பார்க்கவும் அழகு. மருந்து ஏற்றாத ரப்பர்த் தடியில் பூஞ்சையும் வண்டும் எளிதில் இறங்கும் என்பதை நான் அறிந்திருந்தும், வீட்டுக்குள் இருக்கும் சிறு பெட்டிதானே என்று அலட்சியமாக இருந்துவிட்டேன். ஐந்தாம் மாதம் மேசைக்கு அடியில் மாவு கொட்டியதுபோல வெள்ளைப் பொடி கிடந்தது. திருகாணி பிடித்திருந்த இடம் உளுத்து, கைப்பிடி ஆடத் தொடங்கியது. போரிக் அமிலமும் வெங்காரமும் கலந்த நீரில் ஊறவைத்த பின்பே அந்தத் தடியைப் பயன்படுத்தியிருக்க வேண்டும். இரண்டாம் மேசைக்குப் பழைய வீடு ஒன்றைப் பிரித்தபோது கிடைத்த அயினிச் சட்டத்தை வாங்கினேன். வள்ளத்துக்கும் வீட்டு நிலைக்கும் நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயன்படும் மரம். பல ஆண்டுகள் காய்ந்திருந்த சட்டம், துளையிட்ட இடத்தில் மயிரளவும் பிளக்கவில்லை. தக்கலையில் ஒரு தச்சர் பட்டறையில் அதை இழைத்துக்கொண்டு, கைப்பிடிகளையும் அதிலேயே கடைந்து வாங்கினேன்.

கெட்ட இரண்டாவது பொருள் பொட்டென்ஷியோமீட்டர். கடற்கரையிலிருந்து சில கிலோமீட்டரே தள்ளி இருப்பதால் ஆனி, ஆடிச் சாரலில் வீட்டுத் திருகாணிகள்கூடத் துரு ஏறும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் வந்து சேரும். கரித்தடத்தின்மேல் ஒரு தகடு உரசி ஓடும் அந்த மலிவுப் பொருள், ஒரு மழைக்காலத்திலேயே தாறுமாறான எண்களைக் கொடுக்கத் தொடங்கியது. கைப்பிடியைத் தொடாமலே திறன் நடுங்கும். பதினாறு முறை படித்துச் சராசரி எடுத்தும், சிறு மாற்றங்களைப் புறக்கணிக்கச் சொல்லியும் நோயை மறைத்தேனே தவிர, தீர்க்கவில்லை. இன்னொரு குறையும் உண்டு: பொட்டென்ஷியோமீட்டரின் முழுச் சுழற்சி ஏறத்தாழ 300 பாகை, என் கைப்பிடி நகர்வது 60 பாகை மட்டுமே. ஆர்டுயினோ படிக்கும் 1024 படிகளில் எனக்குக் கிடைத்தவை 200 சொச்சம். அவற்றிலும் நடுக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு படிகள் போய்விடும்.

இரண்டாம் மேசையில் உரசலே இல்லாத உணர்வியைப் பொருத்தினேன். ஏ.எஸ். 5600 என்ற சிறு பலகைக்கு எதிரே, அச்சின் நுனியில் ஒட்டிய வட்ட காந்தம் சுழன்றால், அதன் கோணத்தை 4096 படிகளில் அது சொல்லும். என் 60 பாகைக்கு ஏறத்தாழ 680 படிகள் கிடைத்தன. காந்தம் சாதாரண வட்டக் காந்தமாக இருக்கக் கூடாது. வட்டத்தின் ஒரு பாதி வடமுனையாகவும் மறுபாதி தென்முனையாகவும் இருக்கும் வகையே வேண்டும். இதை அறியாமல் முதலில் வாங்கிய காந்தத்தில், கைப்பிடியை எப்படிச் சுழற்றினாலும் எண் தெளிவாக மாறவே இல்லை. காந்தத்துக்கும் உணர்விக்கும் இடைவெளி இரண்டு மில்லிமீட்டர் அளவில் வைத்தேன். அருகிலிருந்த இரும்புத் திருகாணிகளை நீக்கிப் பித்தளைத் திருகாணிகளைப் போட்டேன். இந்த உணர்விகள் எல்லாவற்றுக்கும் ஒரே முகவரிதான் என்பதால், மூன்றையும் ஒரே கம்பியில் இணைத்தால் ஒன்றோடொன்று மோதும். ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேட்கும் ஒரு பிரிப்புப் பலகையை நடுவில் வைத்த பிறகு அந்தச் சிக்கல் தீர்ந்தது. பற்றவைத்த இடங்களின்மேல் நகப்பூச்சு இரண்டு கோட் பூசினேன். அடுத்த இரண்டு பருவமழைகளிலும் ஓர் எண்கூடத் தவறவில்லை.

ஆனால் முதல் நாளிலேயே ஒரு பெரிய தவறு நேர்ந்தது. இந்த வேலையில் இறங்குவோர் எல்லோரும் இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. காந்தத்தை நான் ஒட்டிய திசையில், உணர்வியின் சுழியம் என் கைப்பிடியின் நகர்வுக்கு உள்ளேயே விழுந்திருந்தது. திறன் கைப்பிடியை மெல்லக் குறைத்துக்கொண்டு வருகிறேன்; எண் 40, 20, 5 என்று இறங்கி, அடுத்த கணம் 4095-க்குத் தாவியது. குறைக்கக் குறைக்க எஞ்சின் முழுத் திறனுக்குப் போயிற்று. பெட்டிகளுக்கு ஒரு பெட்டி நீளத்துக்கும் குறைவான தூரத்தில் இது நடந்தது. திரையில் நடந்ததுதான் என்றாலும் என் உள்ளங்கை வியர்த்துவிட்டது. கைப்பிடியின் தொடக்க எண்ணைக் கழித்து, விடை எதிர்மறையானால் 4096-ஐக் கூட்டிக்கொள்ளும் ஒரே வரி இதைத் தீர்த்தது. அதோடு நிற்காமல், ஒரு முறை படித்ததற்கும் அடுத்த முறை படித்ததற்கும் இடையில் மனிதக் கை நகர்த்த முடியாத அளவுக்கு வேறுபாடு இருந்தால் திறனைச் சுழியமாக்கும் காவலையும் எழுதினேன். உண்மை எஞ்சினில் எதுவும் கெட்டால் வண்டி நிற்க வேண்டும் என்பதே விதி. மரப்பெட்டியில் செய்ததானாலும் அந்த விதியை மீற எனக்கு மனம் வரவில்லை.

சிமுலேட்டர் பக்கத்தில் டிரெயின் சிமுலேட்டர் கிளாசிக்குக்கு மாறினேன். ரெயில்டிரைவர் என்ற பெயரில் விற்கப்படும் கட்டுப்பாட்டு மேசைக்காக அதனுள் ஒரு டி.எல்.எல். கோப்பு இருக்கிறது, அந்தக் கோப்பை நம் நிரலும் கூப்பிட்டுப் பேசலாம். எஞ்சினில் உள்ள கட்டுப்பாடுகளின் பெயர்ப் பட்டியலை அது தரும். ஒவ்வொன்றின் தற்போதைய மதிப்பு, குறைந்த மதிப்பு, கூடிய மதிப்பு மூன்றையும் கேட்டு அறியலாம். புதிய மதிப்பைக் கொடுக்கவும் செய்யலாம். எனக்கு வேண்டியது இதுவே: நகர்ந்த நேரம் அல்ல, இருக்கும் இடம். பைதான் என்ற நிரல்மொழியில் நாற்பது வரிகளுக்குள் வேலை முடிந்தது. வினாடிக்கு இருபது முறை ஆர்டுயினோவிடமிருந்து எண்களை வாங்கி, 0-க்கும் 1-க்கும் இடையே சுருக்கி, சிமுலேட்டருக்குக் கொடுக்கிறது. ஒரு முழு மாலையை விழுங்கிய பிழை ஒன்றை இங்கே குறித்துவைக்கிறேன். என் பைதான் 64 பிட். நான் கூப்பிட்ட கோப்பு 32 பிட். இது முறையான நிரல் அல்ல என்று விண்டோஸ் திரும்பத் திரும்ப மறுத்தது. அதே அடைவில் பெயரின் இறுதியில் 64 என்று முடியும் இன்னொரு கோப்பு இருந்தது. அதைக் கூப்பிட்டவுடன் பேசத் தொடங்கியது. கட்டுப்பாடுகளின் பெயர்கள் எஞ்சினுக்கு எஞ்சின் மாறும் என்பதால், வரிசை எண்ணை நிரலில் எழுதி வைக்காமல், ஒவ்வொரு முறையும் பெயரைத் தேடியே எடுக்க வேண்டும்.

இனி இந்த மேசையின் உயிர் என்று நான் கருதும் பகுதிக்கு வருகிறேன். எண்கள் சரியாகப் போனபின்பும் நான் பெட்டிகளை இடித்துக்கொண்டுதான் இருந்தேன். கைப்பிடி தாங்கித் தளத்தில் வழுக்கிக்கொண்டு ஓடியது; விரல் பட்டாலே நகர்ந்தது; விட்டுவிட்டால் தன் எடைக்குச் சற்றுத் தாழ்ந்தது. எங்கள் தெருவில் நாகர்கோவில் சந்திப்பில், தடம் மாற்றிப் பெட்டிகளை மாட்டிக் கழற்றும் பாயின்ட்ஸ்மேனாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். மாலையில் தேநீருக்கு வந்தவரிடம் மேசையைக் காட்டினேன். சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மக்களே, இது விசிறி சுவிட்சு மாதிரில்லா இருக்கு; கைக்கு ஒண்ணும் தெரியாதே" என்றார். அவர் எஞ்சின் ஓட்டியவர் அல்லர். தண்டவாளத்தில் நின்று கொடி காட்டியவர். ஆனாலும் டிரைவரின் கை எப்படி அசைகிறது என்பதைக் கீழே நின்று முப்பது ஆண்டுகளுக்கு மேல் பார்த்திருக்கிறார்.

அன்றிரவே கைப்பிடியைக் கழற்றினேன். அச்சின் இருபுறமும் எஃகு வாஷர்கள், அவற்றுக்கு நடுவே சைக்கிள் பம்பில் போடும் தோல் வாஷர், வெளியே ஒரு சுருள் கம்பி, அதை இறுக்க ஒரு நட்டு. நட்டை இறுக்க இறுக்கக் கைப்பிடி கனக்கும். இங்கே அளவு கண்டுபிடிக்கத்தான் பல வாரங்கள் ஆயின. மிகவும் இறுக்கினால், நின்ற இடத்திலிருந்து நகர்த்தத் தேவையான விசையும், நகர்ந்தபின் தேவையான விசையும் வெகுவாக வேறுபட்டு, கைப்பிடி ஒட்டி ஒட்டிக் குதிக்கும். ஐந்து விழுக்காடு பிரேக் வேண்டிய இடத்தில் பதினைந்து விழுந்துவிடும். தோலில் சிறிது மெழுகு தேய்த்ததும் அந்தக் குதிப்பு அடங்கியது. எண்ணெய் போட்டால் தோல் ஊறி மறுபடியும் வழுக்கும், மெழுகுதான் சரி. கைப்பிடியின் நீளத்தையும் 12 சென்டிமீட்டரிலிருந்து 22 ஆக்கினேன். அதே கோணத்துக்குக் கை இப்போது கூடுதல் தூரம் நகர்கிறது. ஆகவே சிறு மாற்றங்களை முழங்கையால் அல்லாமல் மணிக்கட்டால் செய்ய முடிகிறது. ரிவர்ஸர் கைப்பிடிக்கு மட்டும் உரசல் வேண்டாம். முன், நடு, பின் என்ற மூன்று குழிகளில் ஓர் எஃகுக் குண்டு பேனாச் சுருளின் அழுத்தத்தில் விழுந்து நிற்கிறது. அந்தக் குண்டு குழியில் விழும் சத்தம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

பிரேக் கைப்பிடி ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். பிரிட்டிஷ் மார்க் 1 பெட்டி ஒன்றின் எடையை 34 டன் என்று கொள்வோம். ஐந்து பெட்டிகள் 170 டன், எஞ்சினோடு 220 டன். யார்டில் நகர்த்தும்போது பெட்டிகளுக்குப் பிரேக் குழாய் மாட்டவில்லை என்றால், எஞ்சினின் சக்கரங்களில் மட்டும் விழும் நேரடிக் காற்றுப் பிரேக்தான் கையில் இருக்கும். எஞ்சின் எடையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத் தடுப்பு விசை கிடைப்பதாக வைத்துக்கொண்டால், மணிக்கு 4 மைல் வேகத்தில் வரும் அந்தத் தொடர் நிற்க 7 மீட்டர் வேண்டும். எஞ்சின் மட்டும் தனியே வந்தால் ஒன்றரை மீட்டர் சொச்சம் போதும். வேகம் 8 மைல் ஆனால் 7 மீட்டர் 28 மீட்டராகிவிடும். அது ஒரு பெட்டியின் நீளத்தைவிட அதிகம். பிரேக் சிலிண்டரில் காற்று ஏறும் ஓரிரு வினாடிகளுக்குள் வண்டி போகும் தூரம் இதில் சேரவில்லை. தனி எஞ்சினை ஓட்டிப் பழகிய கை, பெட்டிகள் மாட்டியபின் ஏன் ஏமாறுகிறது என்பது இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்த பிறகே எனக்கு விளங்கியது. நம் ரயில்வேயில் ஷண்டிங்குக்குப் பொதுவாக மணிக்கு 15 கிலோமீட்டரே உச்சம் என்பதும் அப்போது வேறு கனத்தோடு தெரிந்தது.

மேசையில் உள்ள ஒரே மீட்டர் அம்மீட்டர். சிமுலேட்டரிடமிருந்து மோட்டார் மின்னோட்டத்தின் மதிப்பை வாங்கி, சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் ஒரு சிறு செர்வோ மோட்டாரால் முள்ளை நகர்த்துகிறேன். வேகமானி வைக்காமல் அம்மீட்டரை வைத்தது ஏன் என்று கேட்கலாம். நடந்து போகும் வேகத்தில் வேகமானியின் முள் அசைவதே கண்ணுக்குத் தெரியாது. அம்மீட்டரோ திறன் கைப்பிடியை இம்மி நகர்த்தினாலும் பதில் சொல்லும். நின்ற நிலையில் திறன் கொடுத்தால் மின்னோட்டம் மளமளவென்று ஏறும். சக்கரம் உருளத் தொடங்கியதும் மெல்ல இறங்கும். பெட்டிகள் உண்மையிலேயே நகரத் தொடங்கிவிட்டனவா, அல்லது பெட்டிகளை இணைக்கும் கப்ளிங்கின் தளர்வு மட்டும் இழுபடுகிறதா என்பதை அந்த முள்ளின் இறக்கத்தில் படிக்கலாம். செர்வோவுக்கு யு.எஸ்.பி. கம்பியிலிருந்தே மின்சாரம் கொடுத்தபோது, முள் துள்ளும் ஒவ்வொரு முறையும் ஆர்டுயினோ மயங்கி எழுந்தது. தனி 5 வோல்ட் மின்வழங்கி கொடுத்து, இரண்டின் தரைக்கம்பிகளையும் ஒன்றாக்கியதும் சரியாயிற்று.

நட்டு பதமானபின் அண்ணாச்சியை மறுபடியும் அழைத்தேன். ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்க்கும் காட்சியை வைத்து, மைன்ஹெட்டில் ஐந்து பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு, நின்றிருந்த இன்னொரு பெட்டியோடு சேர்க்கும் வேலை. தூரம் காட்டும் எண்கள் அனைத்தையும் திரையிலிருந்து நீக்கியிருந்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, வாக்கிடாக்கியில் பேசுவதுபோலச் சொல்லிக்கொண்டே வந்தார்: "மூணு பெட்டி... ரெண்டு பெட்டி... ஒரு பெட்டி... நிப்பாட்டு." நான் நிறுத்தவில்லை, மெல்லத் தொட்டுவிடலாம் என்று ஊர்ந்துகொண்டிருந்தேன். "நிப்பாட்டுன்னு சொன்னா நிப்பாட்டணும் மக்களே" என்று அவர் சொன்ன குரலில், கை தானாகப் பிரேக்கை இழுத்தது. பஃபருக்கு ஏறத்தாழ இருபது மீட்டர் முன்னதாக வண்டியை முழுவதும் நிறுத்திவிட்டு, புதிதாகச் சைகை வாங்கிக்கொண்டுதான் தொடப் போக வேண்டும் என்பது அவர் வேலை பார்த்த காலம் முழுவதும் கடைப்பிடித்த முறை. ஊர்ந்துகொண்டே போனால், எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பதைக் கண் மறந்துவிடும். நின்று கிளம்பினால் வேகம் சுழியத்திலிருந்து தொடங்குகிறது, கணக்கு கைக்குள் இருக்கிறது. அதன்பின் நான் இடித்த பெட்டிகள் மிகச் சிலவே.

திறனைக் கொடுத்து, முள் ஏறி இறங்குவதைப் பார்த்து, உடனே திறனை முழுவதும் எடுத்துவிட்டு, மீதி தூரத்தை வண்டியின் எடையாலேயே உருளவிட்டு, பிரேக்கை ஒரு விரல் அகலம் போட்டு வைத்துக்கொண்டு தொடுவது என்பதே இப்போது என் முறை. தொட்டவுடன் பிரேக்கை முழுவதும் போட்டுவிடக் கூடாது. பக்கவாட்டுப் பஃபர்கள் அமுங்கி இருக்கும்போது எஞ்சின் சற்று அழுத்திக்கொண்டே நின்றால்தான், கீழே நிற்பவர் ஸ்க்ரூ கப்ளிங்கின் வளையத்தைத் தூக்கிக் கொக்கியில் மாட்ட முடியும். அவசரப்பட்டுப் பின்வாங்கினால் பஃபர்களின் சுருள் பெட்டியை எதிர்த்துத் தள்ளி இடைவெளியைத் திறந்துவிடும். சிமுலேட்டரில் மாட்டுவது தானாகவே நடந்துவிடுகிறது. இருந்தாலும் திரையில் இல்லாத அந்த மனிதருக்காக நான் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தே நிற்கிறேன். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே குனிந்து நிற்பவரின் உயிர் டிரைவரின் கையில் இருக்கிறது என்பதை அண்ணாச்சி ஒரு முறை சொல்லிவிட்டு, அதைப் பற்றி மேலே பேசாமல் தேநீரைக் குடித்து முடித்தார். எனக்கும் மேலே கேட்கத் தோன்றவில்லை.

மூன்றாவது கைப்பிடி வாக்குவம் பிரேக்குக்கு. பெட்டிகளின் குழாயில் இருக்கும் காற்றை வெளியே இழுத்து வெற்றிடமாக்கினால் பிரேக் விடும். குழாய்க்குள் காற்றை விட்டால் பிரேக் பிடிக்கும். பிரிட்டிஷ் ரயில்வேயில் பொதுவாக 21 அங்குலப் பாதரச வெற்றிடம் வழக்கு. மைன்ஹெட் பாதையின் பழைய உரிமையாளரான கிரேட் வெஸ்டர்ன் ரயில்வே 25 அங்குலம் வைத்திருந்தது. ஒரு எஞ்சின் 25-ல் ஏற்றிவிட்டுப் போன பெட்டிகளை 21 மட்டுமே இழுக்கக்கூடிய இன்னொரு எஞ்சின் எடுத்தால், பெட்டிகளின் சிலிண்டர்களில் மிஞ்சியிருக்கும் வெற்றிடத்தால் பிரேக் முழுவதும் விடாது. கீழே இறங்கி ஒவ்வொரு பெட்டியிலும் ரிலீஸ் கயிற்றை இழுத்துவிட வேண்டும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டு பெருமையாகச் சொன்னபோது, நம்மூரிலும் வாக்குவம் வண்டிகள் ஓடிய காலத்தில் அந்தக் கயிற்றை இழுத்துக்கொண்டே ரேக் என்ற பெட்டித் தொடரின் முழு நீளமும் நடந்ததை அண்ணாச்சி விவரித்தார். அவருடைய விவரிப்பில் மழையும், ஜல்லியில் சறுக்கும் செருப்பும், கையை அறுத்த கம்பியும் இருந்தன.

இந்தக் கைப்பிடி இன்னும் எனக்கு நிறைவு தரவில்லை. பிரேக்கைப் போடும்போது கூடுதல் எதிர்ப்பும் விடும்போது குறைந்த எதிர்ப்பும் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். தோல் வாஷர் இரு திசையிலும் ஒரே மாதிரிதான் உரசுகிறது. கைப்பிடியின் அடியில் ஒரு நீள்வட்டக் கட்டையைக் கடைந்து, அதன்மேல் சுருள் கம்பி ஒன்று அழுத்தும்படி செய்தால் இது கைகூடலாம். அதற்குரிய அயினித் துண்டு மிச்சம் இருக்கிறது. தக்கலைத் தச்சர் ஓணம் கழிந்து வரச் சொல்லியிருக்கிறார். மற்ற இரண்டு கைப்பிடிகளுக்கும் பராமரிப்பு மிகக் குறைவு: காற்றில் ஈரம் ஏறும் மாதங்களில் தோல் உப்பி இறுகுவதால் நட்டைக் கால் சுற்றுத் தளர்த்துகிறேன், தை பிறந்து பனி விலகியதும் அந்தக் கால் சுற்றை மறுபடி இறுக்குகிறேன். எவ்வளவு சுற்றினேன் என்பது மறக்காமலிருக்க, நட்டின்மேலும் மரத்தின்மேலும் வெள்ளைப் பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.